மார்கழியில் பேட்டரி ஏன் மக்கர் செய்கிறது?

கம்ப்யூட்டர் வாங்கப் போகும்போது ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, மானிட்டர் எத்தனை இஞ்ச் என்று நான்கு கடை ஏறி இறங்கி விசாரிக்கிறோம். கடைசியில் பில் போடும்போது கூடவே ஒரு யு.பி.எஸ். வருகிறது. அதைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு மறந்துவிடுகிறோம். கரண்ட் போகிற அன்றைக்குத்தான் அப்படி ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வருகிறது.

இன்ஜினியரிங் முடித்துவிட்டு சாப்ட்வேர் எழுதுவது என் வேலை. ஆனால் சென்னிமலையில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்கம்பக்கத்தில் கேட்கிற முதல் கேள்வி சாப்ட்வேர் பற்றியதாக இருக்காது. "தம்பி, இந்த யு.பி.எஸ். ரெண்டு நிமிசங்கூட நிக்க மாட்டீங்குது, என்னன்னு பாருங்க" என்பதாகத்தான் இருக்கும். கார்த்திகை பிறந்ததும் இந்தக் கேள்வி அதிகமாகும். மார்கழி, தையில் இன்னும் அதிகமாகும். "சித்திரை வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, குளிருக்குப் படுத்துக்கிச்சு" என்று காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

குளிருக்குப் பேட்டரி படுத்துவிடும் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டால், பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய இன்வெர்ட்டர் பேட்டரி இன்னும் இரண்டு வருடம் கூடுதலாக உழைக்கும். அதை இந்த இதழில் பார்க்கலாம்.

யு.பி.எஸ். வேறு, இன்வெர்ட்டர் வேறு

முதலில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துவிடுவோம். கம்ப்யூட்டரோடு வரும் சிறிய யு.பி.எஸ். பெரும்பாலும் 600 வி.ஏ. திறன் கொண்டது. அதற்குள் 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரி ஒன்று இருக்கும். இது முழுக்க மூடப்பட்ட, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத வகை. கரண்ட் போனால் கம்ப்யூட்டரைச் சுமார் 15 நிமிடம் தாங்கும். செய்த வேலையை சேவ் செய்து, ஒழுங்காக ஷட் டவுன் செய்வதற்குத்தான் இந்த நேரம். உட்கார்ந்து சினிமா பார்ப்பதற்கு அல்ல.

இன்வெர்ட்டர் என்பது வீடு முழுவதற்கும் உரியது. விளக்கு, ஃபேன், இன்டர்நெட் மோடம் எல்லாம் அதில் ஓடும். நம் பக்கத்து வீடுகளில் 12 வோல்ட், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியை அதிகம் பார்க்கலாம். இதில் மாதக்கணக்கில் தண்ணீர் குறையும். நாம்தான் பார்த்து ஊற்ற வேண்டும்.

கொங்குப் பகுதியில் இன்வெர்ட்டர் வீடு வீடாக நுழைந்ததற்கு 2008 முதல் இருந்த மின்வெட்டு காரணம். 2012-ம் ஆண்டு கடைசியில் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல்கூட கரண்ட் இருக்காது. அன்று பேட்டரி தினமும் காலியாகி தினமும் சார்ஜ் ஆனது. இன்று அந்த நிலைமை இல்லை. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை நிறுத்துகிறார்கள். மற்றபடி மழை, காற்று என்றால் போகிறது. அதனால் பேட்டரி பல வாரங்கள் சும்மாவே கிடக்கிறது. பழுதாகிப் போனாலும் நமக்குத் தெரிவதில்லை. இது முக்கியமான விஷயம். பின்னால் மறுபடி வருகிறேன்.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது?

பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி கஸ்தோன் பிளாந்தே 1859-ல் கண்டுபிடித்த ஈய-அமில பேட்டரிதான் இன்றும் நம் இன்வெர்ட்டரில் இருக்கிறது. நீர் கலந்த கந்தக அமிலத்தில் ஈயத் தகடுகள் மூழ்கியிருக்கும். ஒரு செல் சுமார் 2 வோல்ட் தரும். ஆறு செல்கள் சேர்ந்தால் 12 வோல்ட்.

அமிலமும் தகடும் சேர்ந்து செய்கிற ரசாயன வேலைதான் மின்சாரமாக வெளியே வருகிறது. ரசாயன வேலைக்குச் சூடு வேண்டும். குளிர்ந்தால் வேலை மெதுவாகும். பேட்டரிக்குள் சரக்கு இருக்கும். கேட்கிற வேகத்துக்கு வெளியே வராது. மார்கழி காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் எண்ணெய் வராமல் அடம் பிடிக்கிறதே, ஏறக்குறைய அந்த மாதிரி.

எவ்வளவு குறையும்? நம் நாட்டில் பேட்டரியின் ஏ.எச். அளவை 27 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்குக் கணக்கிட்டுச் சொல்வது வழக்கம். அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாக இழப்பு ஏற்படும். தோராயமாக 10 டிகிரியில் 10 முதல் 15 சதவீதம், 5 டிகிரியில் 15 முதல் 20 சதவீதம், பூஜ்ய டிகிரியில் 20 முதல் 25 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே சமயத்தில் அதிக லோடு கொடுத்தால் இழப்பு இன்னும் கூடும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. குளிரால் குறைந்தது நிரந்தர இழப்பு அல்ல. பேட்டரி மறுபடி சூடானதும் அந்தத் திறன் திரும்பி வந்துவிடும்.

அடி விழுவது சித்திரையில், தெரிவது மார்கழியில்

இப்போது சென்னிமலைக் கணக்குக்கு வருவோம். எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலை என்றால் 18, 19 டிகிரி இருக்கும். மேலே சொன்ன கணக்குப்படி பேட்டரி இழப்பது பத்து சதவீதத்துக்கும் குறைவு. அதாவது 20 நிமிடம் நின்ற யு.பி.எஸ். 18 நிமிடம் நிற்க வேண்டும். ஆனால் நிற்பதோ இரண்டே நிமிடம். மீதி எங்கே போயிற்று?

கோடையில் போயிற்று. சூடு பேட்டரிக்கு அந்த நேரத்தில் சுறுசுறுப்பைக் கொடுக்கும். ஆனால் ஆயுளைத் தின்றுவிடும். 8 முதல் 10 டிகிரி கூடுதலான சூட்டிலேயே தொடர்ந்து இருந்தால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான விதி. ஈரோட்டில் 2024 ஏப்ரல் கடைசியில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியது. ஓட்டுக் கூரைக்கு அடியிலோ, மேற்குப் பார்த்த சுவரோரத்திலோ, மூடிய அலமாரிக்குள்ளோ இருக்கும் பேட்டரிக்கு வெளியில் இருப்பதைவிடவும் சூடு அதிகம். தண்ணீர் வற்றும், தகடுகள் அரிக்கும், உள்ளே மின்தடை கூடும்.

அப்படி அடிபட்ட பேட்டரி, கோடையில் சூட்டின் தயவால் எப்படியோ சமாளித்துவிடுகிறது. குளிர் வந்ததும் அந்தத் தயவு போய்விடுகிறது. உள்ளே ஏற்கனவே கூடியிருந்த மின்தடை குளிரால் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. கம்ப்யூட்டர் லோடு விழுந்ததும் வோல்டேஜ் சடாரென இறங்குகிறது. யு.பி.எஸ். "பேட்டரி காலி" என்று முடிவு செய்து ஆஃப் ஆகிவிடுகிறது.

ஆகவே சமவெளியில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். குளிரில் பேட்டரி திடீரென நின்றால், பெரும்பாலும் அது குளிரில் கெட்டது அல்ல. முன்பே கெட்டதைக் குளிர் காட்டிக்கொடுக்கிறது. குளிரைத் திட்டிவிட்டுப் புதுப் பேட்டரி வாங்கி அதே வெயில் மூலையில் வைத்தால், அடுத்த மார்கழியிலும் இதே கதைதான்.

ஊட்டி, குன்னூரில் கதை வேறு

நீலகிரி மேலே இருக்கிறவர்களுக்கு உண்மையாகவே குளிர்தான் பிரச்சனை. 1932-ல் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கோயம்புத்தூர் மில்களுக்கு மின்சாரம் அனுப்பிய மலை அது. ஆனால் அந்த மலையிலேயே மழைக்கும் காற்றுக்கும் மரம் சாய்ந்தால் கரண்ட் போய்விடும். 2009 நவம்பரில் கனமழையில் நிலச்சரிவுகள் ஏற்பட்டு நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். சாலையும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன. 2018 நவம்பர் 16-ல் கரை கடந்த கஜா புயல் கொடைக்கானல் மலையையும் விட்டுவைக்கவில்லை. மலையில் கரண்ட் போனால் ஆட்கள் வந்து சரிசெய்வதற்கு நேரம் பிடிக்கும். போன் சார்ஜும் இன்டர்நெட் மோடமும் ஆஸ்துமா உள்ளவருக்கு நெபுலைசரும் அந்தப் பேட்டரியை நம்பித்தான் இருக்கும்.

ஊட்டியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி வெள்ளையாகிவிடும். அங்கே பேட்டரிக்கு இரண்டு சிக்கல்கள் வரும்.

முதலாவது, மேலே சொன்ன திறன் குறைவு. இரண்டாவது பலருக்குத் தெரியாதது: குளிரில் பேட்டரி முழுதாகச் சார்ஜே ஆகாது. 12 வோல்ட் பேட்டரியைச் சாதாரணமாக முழுச் சார்ஜில் வைத்திருக்க, 27 டிகிரியில் சுமார் 13.6 வோல்ட் கொடுத்தால் போதும். வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் சுமார் 0.018 வோல்ட் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 7 டிகிரிக்கு வந்துவிட்டால் தேவை ஏறக்குறைய 14 வோல்ட். ஆனால் சமவெளிக்கு செட் செய்த இன்வெர்ட்டர் அதே 13.6 வோல்ட்டைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கும். பச்சை விளக்கு எரியும். பேட்டரி அரை வயிற்றோடு இருக்கும். மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். அது நிரந்தர இழப்பு.

இதே கணக்கு கோடையில் தலைகீழாகும். 40 டிகிரியில் 13.6 வோல்ட்டுக்கும் குறைவாகக் கொடுக்க வேண்டும். குறைக்காவிட்டால் ஓவர்சார்ஜ் ஆகித் தண்ணீர் வற்றும்.

இதற்குத் தீர்வு உண்டு. வெப்பநிலைக்கு ஏற்ப சார்ஜிங் வோல்டேஜைத் தானாக மாற்றிக்கொள்ளும் வசதி சில இன்வெர்ட்டர்களில் இருக்கிறது. "ஆட்டோமேட்டிக் டெம்பரேச்சர் காம்பன்சேஷன்" என்று விளம்பரத்தாளில் போட்டிருப்பார்கள். மலையில் இருப்பவர்களும், எங்களைப் போல வெயில் காயும் ஊர்க்காரர்களும் இன்வெர்ட்டர் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரி உறைந்துவிடுமா?

ஊட்டி வாசகர்களுக்கு இந்தப் பயம் வேண்டாம். முழுச் சார்ஜில் இருக்கும் அமிலம் உறைய மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போக வேண்டும். ஆனால் முழுக்கக் காலியான பேட்டரியில் அமிலம் நீர்த்துப்போய் வெறும் தண்ணீரைப் போல ஆகிவிடும். அது மைனஸ் 8 டிகிரி வாக்கிலேயே உறையக்கூடும். உறைந்தால் பெட்டி வெடித்துவிடும். லடாக்கிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர்களுக்கு இது மிக முக்கியம். எந்த ஊராக இருந்தாலும் விதி ஒன்றுதான்: காலியான பேட்டரியை அப்படியே விட்டு வைக்காதீர்கள். கரண்ட் வந்ததும் முழுதாகச் சார்ஜ் ஆக விடுங்கள். 150 ஏ.எச். பேட்டரிக்கு இதற்கு 10 முதல் 14 மணி நேரம் ஆகலாம்.

எவ்வளவு நேரம் வரும்? ஒரு சின்னக் கணக்கு

150 ஏ.எச். பேட்டரியை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1800 வாட் மணி. இன்வெர்ட்டர் மாற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று வையுங்கள்; 1440 மிஞ்சும். பேட்டரியை அடிவரை வறட்டக் கூடாது என்பதால் இன்னொரு ஐந்தில் ஒரு பங்கை விட்டுவிடுவோம். கையில் நிற்பது சுமார் 1150 வாட் மணி.

சென்னிமலை வீட்டில் கம்ப்யூட்டர் 120 வாட், ஒரு ஃபேன் 60, எல்.இ.டி. விளக்குகள் 20, மோடம் 10, மொத்தம் 210 வாட். 1150-ஐ 210-ஆல் வகுத்தால் சுமார் ஐந்தரை மணி நேரம்.

ஊட்டி வீட்டில் ஃபேன் இல்லை. லோடு 150 வாட்தான். 5 டிகிரிக் குளிரில் 20 சதவீதம் கழித்தால் கையில் 920 வாட் மணி. வகுத்துப் பார்த்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல் வருகிறது! அதாவது ஊட்டியில் ஃபேன் ஓடாததே குளிரின் இழப்பை ஈடு செய்துவிடுகிறது.

ஆனால் குளிருகிறதே என்று ரூம் ஹீட்டரையோ எலக்ட்ரிக் கெட்டிலையோ இன்வெர்ட்டர் லைனில் மாட்டினால் கணக்கு அங்கேயே முடிந்தது. அவை 1000 முதல் 2000 வாட் வரை இழுக்கும். 900 வி.ஏ. இன்வெர்ட்டர் ஓவர்லோடில் உடனே நின்றுவிடும்.

லித்தியம் பேட்டரி என்றால்?

லேப்டாப், செல்போன், மோடத்துக்கான மினி யு.பி.எஸ். எல்லாவற்றிலும் லித்தியம் அயன் பேட்டரிதான். இதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது வீட்டு இன்வெர்ட்டருக்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வந்துவிட்டது. எடை குறைவு, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, பல வருடம் உழைக்கும். விலை அதிகம்.

குளிரைப் பொறுத்தவரை இதற்கு ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. பூஜ்ய டிகிரிக்குக் கீழே மின்சாரத்தை எடுக்கலாம். ஆனால் சார்ஜ் ஏற்றக் கூடாது. ஏற்றினால் லித்தியம் உள்ளே போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். திறன் போகும்; ஷார்ட் சர்க்யூட் ஆகும் ஆபத்தும் உண்டு. நல்ல பேட்டரிகளில் இதைக் கவனித்துச் சார்ஜை நிறுத்திவிடும் சர்க்யூட் இருக்கும். "பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்" என்பது அதுதான். வாங்கும்போது குளிர்ப் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஊட்டிக்கு டூர் போனவர்கள் கவனித்திருப்பீர்கள்: செல்போனில் 20 சதவீதம் இருக்கும்போதே சட்டென்று ஆஃப் ஆகும். பயப்பட வேண்டாம். சட்டைப் பைக்குள் கொஞ்ச நேரம் வைத்துச் சூடானதும் ஆன் செய்யுங்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்த லேப்டாப்பில் மட்டும் ஈரம் வேர்த்திருக்கும். அரை மணி நேரமாவது விட்டுவிட்டு ஆன் செய்வது நல்லது.

டொரண்டோ சொல்லும் பாடம்

ஊட்டியைவிடப் பல மடங்கு குளிரான ஊரில் தமிழர்கள் பட்ட அனுபவம் ஒன்று இருக்கிறது. 2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் கனடாவின் டொரண்டோ நகரில் விழுகிற மழை விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக உறைந்தது. கனம் தாங்காமல் மரக்கிளைகள் முறிந்து கம்பிகளின் மேல் விழுந்தன. சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. தமிழர்கள் அதிகமாக வசிக்கும் ஸ்கார்பரோவும் அதில் அடக்கம். பல வீடுகளுக்கு கிறிஸ்துமஸ் கழிந்தும் கரண்ட் வரவில்லை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே குளிர். கரண்ட் இல்லாமல் வீட்டைச் சூடாக்கும் இயந்திரமும் ஓடாது.

அந்த நாட்களில் ஜெனரேட்டரையும் கரி அடுப்பையும் மூடிய இடத்தில் பயன்படுத்தி, கார்பன் மோனாக்சைடு வாயுவால் ஒன்டாரியோ மாநிலத்தில் உயிரிழந்தவர்களும் உண்டு. அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ஊட்டி, கொடைக்கானலிலும் மூடிய அறையில் கரி மூட்டித் தூங்கி இறந்த செய்திகள் வந்திருக்கின்றன. கரண்ட் போன குளிர் இரவில் வெளிச்சத்துக்கும் போனுக்கும் பேட்டரி, உடம்புக்குக் கம்பளி என்று இருங்கள். அறைக்குள் நெருப்பு வேண்டாம், ஜெனரேட்டர் வேண்டாம்.

குளிருக்கு முன் செய்ய வேண்டிய எட்டு வேலைகள்

ஐப்பசியிலேயே இவற்றை முடித்துவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

1. டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பாருங்கள். மிதவைக் குச்சி சிவப்புக்குக் கீழே போயிருந்தால் பச்சை வரை ஊற்றுங்கள். போர் தண்ணீர், குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீர், ஏ.சி.யில் வடிகிற தண்ணீர் எதுவும் கூடாது. அமிலத்தையும் நீங்களாக ஊற்றக் கூடாது.

2. மலையில் இருப்பவர்கள் பகலில், கரண்ட் இருக்கும்போது தண்ணீர் ஊற்றுங்கள். அதன் பிறகு சார்ஜ் ஏறினால்தான் தண்ணீரும் அமிலமும் நன்றாகக் கலக்கும்.

3. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். இன்வெர்ட்டரை ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதலில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து துணியால் துடைக்கலாம்; மூடித் துவாரங்களுக்குள் அது போகக் கூடாது. காய்ந்ததும் ஒயரை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

4. இன்வெர்ட்டரின் பின்பக்கம் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் இருந்தால் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். டியூபுலர் பேட்டரிக்கு டியூபுலர், மூடிய பேட்டரிக்கு எஸ்.எம்.எஃப்.

5. கம்ப்யூட்டரை நேராக இன்வெர்ட்டர் லைனில் ஓட்டுகிறீர்கள் என்றால் முன்பக்க சுவிட்ச் "யு.பி.எஸ். மோடு" நிலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் மாறும் அந்தக் கண நேரத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்.

6. மலை வீடுகளில் தகர ஷெட்டிலோ திண்ணையிலோ இருக்கும் பேட்டரியை வீட்டுக்குள், காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். சில்லிட்ட தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் வைக்கலாம். சமவெளியில் இருப்பவர்கள் வெயில் படாத ஆசாரத்து மூலையையோ வடக்குப் பக்கத்து அறையையோ தேர்ந்தெடுங்கள்.

7. மல்டிமீட்டர் இருந்தால், முழுச் சார்ஜ் ஆன பேட்டரியை இன்வெர்ட்டரிலிருந்து பிரித்து மூன்று நான்கு மணி நேரம் சும்மா விட்டு அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் வாக்கில் இருந்தால் நல்லது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்கு வந்துவிட்டால் ஆள் கூப்பிட வேண்டும்.

8. மாதம் ஒரு முறை சோதனை செய்யுங்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு, எப்போதும் ஓடுகிற அதே லோடில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். சும்மா கிடக்கும் பேட்டரியின் நிலைமை இப்படித்தான் தெரியும். காலண்டரில் தேதியையும், கடைசியில் இருந்த வோல்டேஜையும் எழுதி வையுங்கள். அடுத்தடுத்த மாதங்களில் அது இறங்கிக்கொண்டே வந்தால் பேட்டரி முடிவை நெருங்குகிறது என்று அர்த்தம்.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியது

யு.பி.எஸ்.ஸின் பின்னால் யு.எஸ்.பி. போர்ட் இருந்தால் அந்தக் கேபிளைக் கம்ப்யூட்டரில் இணையுங்கள். விண்டோஸ் அதை லேப்டாப் பேட்டரியைப் போலவே அடையாளம் கண்டுகொள்ளும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ், அதில் பேட்டரி என்ற பகுதிக்குப் போங்கள். கிரிட்டிகல் பேட்டரி ஆக்‌ஷன் என்ற இடத்தில் ஹைபர்னேட் அல்லது ஷட் டவுன் என்று தேர்ந்தெடுங்கள். குளிர்காலத்தில் பேட்டரி திடீரென இறங்கும் என்பதால் கிரிட்டிகல் அளவைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் தானாக ஒழுங்காக மூடிக்கொள்ளும்.

எங்கள் ஊரில் போர்வைக்கும் துண்டுக்கும் டிசைன் போடுகிறவர்கள் இன்று கம்ப்யூட்டரில்தான் போடுகிறார்கள். அரை நாள் உட்கார்ந்து போட்ட பூவேலை ஒரு நொடியில் போனால் ஆர்டரே தள்ளிப் போகும். யு.எஸ்.பி. போர்ட் இல்லாத யு.பி.எஸ். என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கன்ட்ரோல் கீயையும் எஸ் கீயையும் சேர்த்து அழுத்தும் பழக்கம்தான் பாதுகாப்பு. லேசர் பிரின்டரை யு.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள். அது சூடாகும் நேரத்தில் அதிக மின்சாரம் இழுத்து, பலவீனமான பேட்டரியை ஒரே இழுப்பில் சாய்த்துவிடும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

குளிருகிறதே என்று பேட்டரிக்குப் போர்வை போர்த்தாதீர்கள். சென்னிமலைப் போர்வையை நாம் போர்த்திக்கொள்ளலாம், பேட்டரிக்கு வேண்டாம். சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அது வெளியேற வழி வேண்டும். அடைபட்ட இடத்தில் சேர்ந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். அதே காரணத்துக்காகப் பேட்டரி பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி, கணப்பு எதுவும் கூடாது. பூஜை அலமாரிக்குக் கீழே பேட்டரி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே இடம் மாற்றுங்கள்.

புதுப் பேட்டரியையும் பழைய பேட்டரியையும் சேர்த்து மாட்டாதீர்கள். பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

ஊருக்குப் போகும்போது மெயினை ஆஃப் செய்துவிட்டு இன்வெர்ட்டரை ஆனில் விட்டுப் போகாதீர்கள். பேட்டரி காலியாகி, அப்படியே வாரக்கணக்கில் கிடக்கும். முழுதாகச் சார்ஜ் செய்து, இன்வெர்ட்டரை ஆஃப் செய்து, நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுப் போங்கள். சும்மா கிடக்கும் பேட்டரிக்குக் குளிர் நல்லதுதான். தானாகச் சார்ஜ் இறங்குவது குளிரில் குறையும்.

எப்போது மாற்ற வேண்டும்?

யு.பி.எஸ்.ஸில் உள்ள சிறிய பேட்டரி பொதுவாக 2 அல்லது 3 வருடம் வரும். அதை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம், யு.பி.எஸ். முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தால் நேரம் பார்க்காமல் மாற்றுங்கள்.

டியூபுலர் பேட்டரி என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஆறு செல்லிலும் கிராவிட்டி பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து செல்கள் ஒரே அளவில் இருந்து ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் அந்தச் செல் போய்விட்டது. எல்லாமே ஒரே மாதிரி குறைந்திருந்தால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று பொருள். அப்போது கோளாறு சார்ஜரில் இருக்கலாம். பேட்டரியை மாற்றிப் பயனில்லை. இந்த ஒரு சோதனையைக் கேட்டு வாங்கினாலே வீண் செலவு மிச்சம். புதுப் பேட்டரி வாங்கும்போது அதன் மேல் உள்ள தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். வெகு நாள் கடையில் கிடந்ததை வாங்காதீர்கள்.

பழைய பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். ஈயம் மண்ணுக்கும் குழந்தைகளுக்கும் விஷம். 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டைச் செய்வது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

தைப்பூசத் தேருக்கு வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து வீடு நிறைந்திருக்கும்போது பேட்டரியைப் பற்றி யோசிக்க நேரமிருக்காது. அதற்கு முன்பே தண்ணீரையும் வோல்டேஜையும் பார்த்துவிடுங்கள். தை முடிந்ததும் பேட்டரி இருக்கும் இடத்தில் மதிய வெயில் விழுகிறதா என்று ஒரு முறை நின்று பாருங்கள். விழுந்தால் பங்குனிக்கு முன் இடத்தை மாற்றிவிடுங்கள். அடுத்த மார்கழிக்கான வேலை அதில்தான் தொடங்குகிறது.